அம்மம்மாவின் சாளக்கிராமம்

வெள்ளவத்தை வீட்டுச் சாமியறையைத் துடைக்கும்போது அம்மம்மாவின் சாளக்கிராமத்தைக் கையில் எடுத்தேன். கரிய, வழுவழுப்பான கல். அதன் வாய்க்குள் வரிவரியாக ஒரு சுருள். அம்மோனைட் என்ற கடலுயிர் விட்டுப்போன அச்சு அது!

கல் வந்தது நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து. தவளகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091 மீட்டர். இரண்டுக்கும் நடுவே அறுத்துக்கொண்டு ஓடும் ஆறு. அங்கே எப்படிக் கடலுயிர்? முன்பு அது டெதிஸ் கடல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைத் தட்டு ஆசியாவோடு முட்டியதில் கடலடி மடிந்து இமயமாக எழுந்தது. இன்னும் எழுகிறது. இலங்கையும் அதே தட்டில்தான், அதாவது எங்கள் கொழும்பும் சேர்ந்துதான் தள்ளுகிறது.

ரயில் பாதைக்கு அப்பால் அலைச் சத்தம். கல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை.