சடையைத் தூக்கிக் கட்டுங்க

நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு எந்தப் பெண் வந்தாலும், பெயரையும் வயதையும் சரிபார்த்த கையோடு நான் சொல்வது இதைத்தான்: "சடையைத் தூக்கி உச்சியில கட்டிக்கிடுங்க."

வேலைக்குச் சேர்ந்த புதிது. தலைக்குக் குளித்துவிட்டு வந்த கல்லூரி மாணவி ஒருத்திக்குப் படம் எடுத்தேன். ஈரம் காயாத கனத்த சடை வலது தோளில் கிடந்தது. வெளியே நீள வரிசை, நான் கவனிக்கவில்லை. படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு மங்கல். காசநோய் அடிக்கடி பிடிக்கிற இடம் அது. சளிப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார்கள். அன்று இரவே வீட்டில் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்களாம்.

மறுநாள் எங்கள் சீனியர் அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த மங்கல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துவரை ஏறியிருந்தது. உற்றுப் பார்த்தால் முடி முடியாகக் கோடு. "சடையை எடுத்தியா புள்ள?" என்று மட்டும் கேட்டார். மறுபடி எடுத்தோம். நுரையீரல் சுத்தமாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. "ராத்திரி பூரா அழுதுச்சும்மா எம்புள்ள" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பட்டனை அமுக்குவதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது கண் இமைக்கும் நேரம். அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில்தான் படம் நன்றாக வருவதும் கெடுவதும். படம் பதிகிற பிளேட்டோடு நெஞ்சை ஒட்டி நிற்கச் சொல்வோம். இதயம் முன்பக்கம் இருப்பதால், பிளேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அதன் நிழல் பெரிதாகாது. கதிர் வருகிற டியூபை முதுகுக்குப் பின்னால் 180 செ.மீ. தள்ளி வைப்பதும் அதற்கே. மூச்சை முழுசாக இழுக்காவிட்டால் நுரையீரல் சுருங்கி, நல்ல இதயமும் வீங்கினாற்போலத் தெரியும்.

அப்புறம் தாலி. 1895 டிசம்பரில், எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோதே, விரல் எலும்பின்மேல் மோதிரம் கட்டியாக விழுந்தது. எங்கள் பக்கம் தாலியோடு நாலைந்து ஊக்கும் தொங்கும். கழற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. மேலே தூக்கிப் பல்லில் கவ்விக்கொண்டால் போதும். "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்பதையும் கேட்டாக வேண்டும், மாமியார் பக்கத்தில் நின்றால் அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

போன வாரம் ஒரு ஆச்சி வந்தார். காது சுத்தமாகக் கேட்காது. பிளேட்டைப் பார்த்து நிற்பவருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் என் கைஜாடையும் தெரியாது. கூட வந்த மகனுக்கு ஈய ஏப்ரன் மாட்டி, கதிர் படாமல் ஓரமாக நிறுத்தி, ஆச்சியின் விரலைப் பிடிக்கச் சொன்னேன். அழுத்தினால் மூச்சை இழுத்துப் பிடிக்கணும், விட்டால் விடணும். எக்ஸ்ரே இல்லாமல் மூன்று தடவை பழகினோம். நாலாவது தடவை எடுத்தேன்.

திரையில் பின்பக்க விலா எலும்புகளை மேலிருந்து எண்ணினேன். பத்து தெரிந்தன; மூச்சை முழுசாக இழுத்திருக்கிறார். வெளியே வந்து பார்த்தால், மகன் இன்னும் விரலை விடவில்லை. ஆச்சி கன்னத்தை உப்பிக்கொண்டு அப்படியே நின்றார்.