நானோ மருந்துச் சோதனையில் சேர: ஒரு மெழுகு பிளாக்குக்காக அலைந்தது

அக்காவுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சை, முப்பது தவணைக் கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து எல்லாம் முடித்தும் கட்டி திரும்பிவிட்டது. நானோ துகளுக்குள் மருந்தை அடைத்து ஏற்றும் முதல் கட்டச் சோதனை ஒன்றுக்கு டாக்டர் பெயர் கொடுத்தார். விண்ணப்பம், போன் பேட்டி எல்லாம் சுலபமாக முடிந்தது. அப்புறம்தான் பிளாக் கேட்டார்கள்.

அறுவையில் எடுத்த திசுவைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். எங்களிடம் இருந்ததோ ரிப்போர்ட்டும் சாயம் போட்ட சில ஸ்லைடுகளும். அவை போதாது. இந்தத் துகள் ஒரு கொழுப்புக் குமிழி, அதாவது லிப்போசோம். உள்ளே டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து. மேலே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி என்ற புரதம், கட்டிச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியைத் தேடிப் பிடிக்கும். அந்த ஏற்பி கட்டியில் இருக்கிறதா என்று பார்க்க, பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுக்க வேண்டும்.

பழைய லேபில் கவுன்டரில் இருந்தவர், "ரிப்போர்ட் கொடுத்தாச்சே சார், பிளாக் எதுக்கு?" என்றார். அப்புறம் நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நடக்க முடியாதவளை எப்படிக் கூட்டிப்போவது? அதிகாரக் கடிதம் கொண்டுபோனால், பதிவு எண்ணில் பிளாக்கே இல்லை என்கிறார். நோயியல் டாக்டர் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, ரிப்போர்ட்டின் தலைப்பில் இருந்த பயாப்சி எண்ணைச் சுட்டிக்காட்டினார். பத்து நிமிடத்தில் பிளாக் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவு எண் வேறு, பயாப்சி எண் வேறு. கேட்டுப் போகிறவர்கள் இரண்டாவதைப் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்.

எம்ஆர்ஐயும் அப்படித்தான். பிலிம் வேண்டாம், டைகாம் என்ற கணினிக் கோப்பு வடிவில் சிடி வேண்டும் என்றார்கள். அதற்குள் தலைவலி அதிகமாகி, இரவு டூட்டி டாக்டர் ஒருவர் ஸ்டீராய்டு டோஸைக் கூட்டிவிட்டார். ஸ்கேனுக்கு முன் சில நாட்களாவது டோஸ் மாறாமல் இருக்க வேண்டுமாம். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைத்துவிடும், கட்டியே சின்னதாகிவிட்டது போலத் தெரியும். ஸ்கேன் தேதி தள்ளிப்போனது. சோதனைக்குக் காத்திருப்பவர் என்று மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள். யாரும் டோஸை மாற்றுவதற்கு முன் ஒரு போனாவது செய்வார்கள்.

சம்மதப் படிவத்தை விளக்கிய டாக்டரைப் பாராட்டத்தான் வேண்டும். செய்தியில் வருகிற 'கட்டியைத் தேடி அழிக்கும் மருந்து' கதை எதையும் அவர் சொல்லவில்லை. முதல் கட்டம் என்றால் பாதுகாப்பையும் டோஸையும் பார்ப்பதுதான் என்றார். ஏற்றுகிற துகளில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும். பல விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், ஏற்றிய டோஸில் கட்டியை எட்டிய அளவின் இடைநிலை (நடு மதிப்பு) 0.7 சதவீதம்தான். அதிலும் மூளையில், கட்டியின் நடுவில் ரத்த-மூளைத் தடுப்பு (ரத்தத்தில் இருப்பதை எளிதில் மூளைக்குள் விடாத சுவர்) ஓட்டையாகிக் கிடக்கும், துகள் நுழையலாம். ஓரத்தில் பரவிக்கொண்டிருக்கும் செல்களைச் சுற்றித் தடுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேட்க வலித்தது. ஆனால் தெரிந்துகொண்டுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

முதல் ஊசியை மிக மெதுவாக ஏற்றினார்கள். லிப்போசோம் மருந்துக்கு ஆரம்பத்திலேயே முகம் சிவப்பது, முதுகுவலி, நெஞ்சு இறுக்கம் வரலாமாம். அக்காவுக்கு முகம் மட்டும் சிவந்தது, வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

அடுத்த ஊசிக்கு அப்புறம் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிய ஆரம்பித்தது. இது இந்த வகை மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான். சுடுதண்ணீர் வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம் என்றார்கள். தாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா மறைக்கப் பார்த்தாள், நான்தான் அன்றே சோதனை ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். தோல் ஆறும்வரை அடுத்த டோஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது.