நீரில் நின்ற கழிகள்

ஸ்காபுறோவில் ஒரு வீட்டுப் பேஸ்மென்றில் கழித்த முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் போய்வரும் வழியைத் தவிர ரொறன்ரோவில் வேறெதையும் நான் அறிந்திருக்கவில்லை. ஏரிக்கரையில் உயர்ந்து நிற்கும் வெளிறிய மண் முகடுகள் இங்கிலாந்தின் ஸ்காபுறோவை நினைவூட்டியதால், ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் 1793இல் அப்பெயரைச் சூட்டினார் என்று உடன் வேலைசெய்த முதியவர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து, இடப்பெயர்களைத் தேடித் தேடி விசாரிக்கத் தொடங்கினேன்.

நான் வேலைசெய்த உணவகம் ஃப்ரன்ட் வீதியில் இருந்தது. ஒருகாலத்தில் அவ்வீதி ஏரிக்கு முகங்கொடுத்து, கரையோரமாகவே ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் ரயில்பாதைகளுக்காகவும் துறைமுகத்துக்காகவும் கரையை மண்ணிட்டு நிரப்பிக்கொண்டே போனதில் ஏரி தெற்கே விலகிவிட்டது. யூனியன் ரயில் நிலையமும் 553 மீற்றர் உயரமான சீ.என். கோபுரமும் அப்படித் தூர்த்தெடுத்த நிலத்தில்தான் நிற்கின்றன.

ஆனால் என்னை உலுக்கியது நகரின் பெயர்தான். முதற்குடி மக்களுள் ஓரினத்தாரான மோஹாக்கியரின் மொழியில் 'த்கரொன்ரோ' என்றால் 'நீரில் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள். அந்த இடம் இந்த நகரமே அல்ல. இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வடக்கே, ஒறில்லியாவில், சிம்கோ ஏரியும் கூச்சிசிங் ஏரியும் சந்திக்கும் ஒடுக்கமான நீர்வழி. அங்கே முதற்குடி மக்கள் 4,500 ஆண்டுகளுக்கும் முன்பே நீருக்குள் கழிகளை நட்டு, இடையிடையே மிலாறுகளைப் பின்னி, மீன்களை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்கள். சிம்கோ ஏரிக்கே அப்பெயரை வழங்கின பழைய பிரெஞ்சு வரைபடங்கள். பின்னர் அப்பெயர் ஹம்பர் ஆற்றோரத்து நடைவழியாகத் தெற்கே இறங்கி, 1750இல் ஆற்றின் வாயருகே பிரெஞ்சுக்காரர் அமைத்த கோட்டைக்கு வாய்த்தது. 1793இல் சிம்கோ இங்கு நிறுவிய குடியிருப்புக்கு யோர்க் என்று பெயரிட்டார். 1834இல் அது நகராட்சியானபோது பழைய பெயரே திரும்பி வந்தது.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் இருமருங்கிலும் கடலேரியில் தடிகளை நட்டு வலை கட்டியிருக்கும் காட்சியைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாசி படிந்த அந்தத் தடிகளின் நுனியில் காலையில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காயும். இப்பெயருக்கு இதுதான் பொருள் என்று அறிந்தபோது, அந்நியமாய் ஒலித்த சொல் திடீரென்று எங்கள் ஊர்ச் சொல்லைப்போல் ஆயிற்று.

சென்ற கோடையில், யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரில் பிறந்து வளர்ந்த அம்மாவை ஒறில்லியாவுக்கு அழைத்துப் போனேன். எஞ்சிய கழிகள் நீரின் அடியில், சேற்றில் புதைந்து கிடப்பதால் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. அம்மா கரையில் நின்று நீரோட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடுக்கமான இடம் பாத்துத்தான் கட்டியிருக்கினம்," என்றார்.