அரிசிக்குச் சாயம் போட்ட கதை

மகனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். அரிசியில் கேக் கலரும் கொஞ்சம் வினாகிரியும் ஊற்றிக் குலுக்கி, காயவைத்து, பெரிய பேசனில் வரிசையாகக் கொட்டினால் வானவில் மாதிரி வருகிறது. பிள்ளை அதற்குள் கையை விட்டு அளைந்து விளையாடுமாம், புலன்கள் எல்லாம் வளருமாம். நானும் மூன்று சுண்டு அரிசியை எடுத்துச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் போட்டு இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், பேப்பர் விரித்துப் பரப்பினேன். இலங்கையின் தேயிலை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் பக்கம் ஜூன் மாதத்தில் துணியே மூன்று நாளானாலும் காயாது, அரிசி எங்கே காய்வது? இரண்டாம் நாளே புளித்த வாடை. அதற்குள் அம்மா பார்த்துவிட்டார்.

"ஏன்டி, மூணு சுண்டு இருந்தா ரெண்டு நேரம் ஒல வச்சிருப்பேனே. இதுக்குத்தான் ஒன்னய டீச்சருக்குப் படிக்க வச்சனா?"

பதில் சொல்ல முடியவில்லை. அரிசியைக் கோழிக்குக் கொட்டினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோழிகள் கொத்துவதை மகன் அரை மணி நேரம் குந்தியபடி பார்த்தான், கொத்துகிற சத்தத்தை வாயாலேயே செய்து பார்த்தான். நான் இரண்டு நாள் மெனக்கெட்ட பேசனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் நான்கு வருடம் மொன்டிசோரியில் படிப்பித்தவள். நம் ஊரில் பாலர் பாடசாலை எதுவாக இருந்தாலும் அதற்கு மொன்டிசோரி என்றுதான் பெயர், அது ஒரு மனுஷியின் பெயர் என்பது பல தாய்மாருக்குத் தெரியாது. மரியா மொன்டிசோரி, இத்தாலிய டாக்டர். 1907இல் ரோமில் ஏழைகள் இருந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் பள்ளியை ஆரம்பித்தவர், 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவர் செய்த சாமான்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று 10 கட்டைகள், 1 செ.மீ. தொடங்கி 10 செ.மீ. வரை. நிறம் ஒன்று, மரம் ஒன்று, அளவு மட்டும்தான் மாறும். சொரசொரப்பும் வழவழப்பும் காட்டுகிற பலகையில் அந்த வித்தியாசம் மட்டும்தான். ஒரு நேரத்தில் ஒரு வித்தியாசத்தை மட்டும் கைக்குக் காட்டுவதுதான் யோசனை. என் பேசனில் மூன்று நிறம், அரிசி, கரண்டி, பிளாஸ்டிக் டைனோசர், கூடவே புளித்த வாடை.

இதே யோசனையை அம்மா எந்த வகுப்புக்கும் போகாமல் செய்து காட்டினார். அவர் 31 வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாலைந்து தேயிலைச் செடியில் ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு வந்து, பேரனைப் படியில் உட்கார வைத்து, ஒரு தண்டை அவன் விரலுக்கு நடுவில் கொடுத்தார். இளசு, 'டக்'கென்று ஒடிந்தது. அடுத்தது முற்றினது, ஒடியவில்லை, வளைந்தது, இழுத்தால் நார் தொங்கியது. அவன் அம்மாயியின் முகத்தைப் பார்த்தான். இன்னொன்று கொடுத்தார், டக். சிரிப்பு. அப்புறம் அவனாகவே ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்துப் பார்க்க ஆரம்பித்தான், ஒடிந்தது ஒரு பக்கம், ஒடியாதது என் மடியில். யாரும் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. அம்மா வாயே திறக்கவில்லை. நானாக இருந்தால் "இது என்ன கலர்? பச்சையா? எத்தனை இருக்கு?" என்று நச்சரித்திருப்பேன். பிள்ளை ஒன்றில் மூழ்கியிருக்கும்போது கேள்வி கேட்டால் அது கையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும், கவனம் அறுந்துபோகும். டீச்சர் புத்தி எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், மருந்தடித்த தேயிலை மலையில் கிள்ளினதைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் தூரமே இல்லை.

புலன் என்றால் ஐந்து என்று படித்துவிட்டோம். சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று உள்காதில் இருக்கிற சமநிலை உணர்வு, சாய்கிறோமா சுற்றுகிறோமா என்பதைச் சொல்வது. இன்னொன்று தசையும் மூட்டும் கொடுக்கிற உணர்வு, கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்பதை கண் பார்க்காமலே சொல்வது. கோப்பையை உடைக்காமல் பிடிப்பதற்கும் பிறகு பென்சிலை அழுத்தாமல் பிடிப்பதற்கும் இதுதான் அடிப்படை. இதற்கெல்லாம் சாமான் விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சேலைத் தொட்டில், மடியில் வைத்து 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கை வழியாக நண்டு ஊர்ந்து கக்கத்தில் கிச்சுக்கிச்சு, உப்பு மூட்டை, தட்டாமாலை, எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மகனுக்குப் பிடித்தது மிலாறு தூக்குவது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின பிறகு அடுப்புக்குக் கொண்டுவந்து போடுகிற மிலாற்றில் ஒரு குச்சியை எடுத்து, சுமையாம், முக்கி முனகி அடுப்படி வரைக்கும் கொண்டுபோவான். முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற துண்டுகளை மட்டும் முதலில் ஒடித்துவிடுவேன்.

இப்போது நான் செய்த பிழை. எங்கள் வீட்டில் காலையில் ரொட்டிதான், கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு. பிசைகிற மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் விளையாட்டு மா தனியாக வாங்கத் தேவையில்லை என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். மகன் ஒரு விரல் வைத்தான், ஒட்டிக்கொண்டது, கையை உதறினான். நான் "ஒன்னும் ஆகாது தங்கம்" என்று அவன் இரண்டு கையையும் பிடித்து மாவுக்குள் அமுக்கினேன். அழுத அழுகை பக்கத்துக் காம்பராவரைக்கும் கேட்டது. இரண்டு நாள் ரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். ஈரமாக ஒட்டுவது சில பிள்ளைகளுக்கு வெறுமனே பிடிக்காத விஷயம் இல்லை, உண்மையாகவே உடம்பு கூசும். அதைப் பிடிவாதம் என்று நினைத்தது என் தப்பு.

பிறகு தள்ளி நின்று தொடங்கினோம். அம்மா மலைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு போன பழைய படங்குத் துணியைத் தரையில் விரித்து முதலில் காய்ந்த மா, அதுவும் கரண்டியால் மட்டும். நாலைந்து நாள் கழித்து விரலால் கோடு இழுத்தான். மாவு உருண்டையைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொடுத்தேன், அமுக்கலாம், ஒட்டாது. பக்கத்தில் எப்போதும் ஒரு ஈரத்துணி, நினைத்த நேரம் கையைத் துடைக்கலாம் என்று தெரிந்தால் பிள்ளைக்கு ஒரு தைரியம். ஒரு மாதத்துக்கு மேலே எடுத்தது. பச்சை மாவைத் தின்ன மட்டும் விடாதீர்கள், அதில் கிருமி இருக்கலாம். ஒரு பிள்ளை துணி, சாப்பாடு, சத்தம் என்று எல்லாவற்றுக்கும் இப்படி மிரண்டால், கூடவே பேச்சும் பிந்தினால், கிளினிக் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் வாய் திறந்து சொல்லுங்கள். "வளர வளரச் சரியாகும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தண்ணீர் விளையாட்டைப் பற்றி இங்கே எழுதவே யோசனையாக இருக்கிறது, மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற பீலித் தண்ணீர் கைபட்டாலே விறைக்கும். கேத்தலில் கொஞ்சம் சுடவைத்துக் கலந்து, இரண்டு தகரக் கோப்பை, ஒரு பழைய தேயிலை வடி, போதும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஆனால் எழுந்து போகாதீர்கள், நாலு விரல் ஆழத் தண்ணீரில்கூடச் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும். சுடு தேத்தண்ணிக் கோப்பையையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எட்டாத இடத்தில் வையுங்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கடலை, கௌபி, மணி, பொத்தான் இவையெல்லாம் வீடியோக்களில் அழகாக இருக்கும். அக்கா மகள் ஒரு கடலையை மூக்கில் போட்டுக்கொண்டாள், வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே வந்தாள். சுமார் 3 செ.மீ. அகலமான குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தோம்.

மழை நாளில் ஃபோனைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிற நாள் எனக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்று. இப்போது ஃபோனை எடுக்க முன்னால் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) இலை நாலைக் கசக்கி ஒரு டப்பாவிலும், வடித்த தேயிலையை இன்னொன்றிலும், ஏலக்காய்த் தோலை மூன்றாவதிலும் போட்டு வைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து "அம்மாயி" என்பான். தேயிலை டப்பாதான் அது, ஒவ்வொரு முறையும்.

இன்றைக்குக் காலையில் அவனாகவே மாவில் கையை வைத்தான். மூன்று சின்ன ரொட்டி தட்டினான், ஒன்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. யாருக்கு என்று கேட்டேன். அம்மாயிக்கு ஒன்று, கோழிக்கு இரண்டு.

எனக்கு இல்லையாம்.