தோகாஷி திரும்பி வந்த பத்து வாரம்

24 அக்டோபர் 2022, திங்கள்

வந்துவிட்டது. 391ஆம் அத்தியாயம்!

‘ஹண்டர் × ஹண்டர்’ என்ற ஜப்பானிய மாங்கா (படக்கதை) கடைசியாக ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்தது 26 நவம்பர் 2018 அன்று. நடுவில் 3 ஆண்டு 11 மாதம். 1998இல் தொடங்கிய இந்தத் தொடர் விட்டு விட்டு வருவது பழகிப்போன விஷயம்தான். ஆனால் இவ்வளவு நீண்ட இடைவெளி இதற்கு முன் விழுந்ததே இல்லை. மே மாதம் இதை எழுதி வரையும் யோஷிஹிரோ தோகாஷி ட்விட்டரில் கணக்குத் திறந்து, வரைந்த பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் படம் பிடித்துப் போட்டு, ‘இப்போதைக்கு இன்னும் 4 அத்தியாயம்’ என்று எழுதினாரே, அன்றே எனக்குத் தூக்கம் போனது.

கதை 390 விட்ட மோதலின் நடுவிலிருந்தே தொடர்கிறது. இருண்ட கண்டத்தை நோக்கிப் போகும் கறுப்புத் திமிங்கிலம் என்ற கப்பல், அதில் 2 லட்சம் பேர், மேல்தளத்தில் அரியணைக்காக ஒருவரையொருவர் கொல்லப் பார்க்கும் 14 இளவரசர்கள், கீழ்த்தளங்களில் மூன்று மாஃபியா குடும்பங்கள். யார் எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளப் பழைய அத்தியாயங்களைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். மாஃபியாக்காரன் ஹின்ரிக் சண்டை போடும் விதம் அவ்வளவு பிடித்திருக்கிறது. கையில் கிடைக்கும் சடப்பொருளை உயிருள்ள பிராணியாக மாற்றிவிடுகிற ஆற்றல். இப்படி ஒரு யோசனை கிடைத்தால் வேறொருவர் அதை வைத்தே தனித் தொடர் நடத்துவார். இவர் ஒரு துணைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

4 நவம்பர், வெள்ளி

37ஆம் தொகுதி இன்று வெளியானது. 381 முதல் 390 வரை உள்ளவை.

தோகாஷி தன் உடல்நிலை பற்றிச் சொன்னது மனதைவிட்டுப் போக மறுக்கிறது. சுமார் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்காரவே முடியவில்லையாம். வழக்கமாக வரையும் முறையைக் கைவிட்ட பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்ததாம். கூடவே, எல்லோரும் இடுப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நமக்கு ஒரு வார்த்தை.

இத்தனை ஆண்டுகளாக அவரைச் சோம்பேறி என்று கிண்டல் செய்தவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வாரத்துக்கு இருபது பக்கத்தை ஒட்டி வரைவது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று ஒரு பேனலைப் பார்த்து வரைய முயன்றவருக்குக்கூடத் தெரியும்.

14 நவம்பர், திங்கள்

394 வரை வந்தாயிற்று. வசனம், வசனம், வசனம். சில பக்கங்களில் முகங்கள் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கின்றன. எனக்கு இது பிடிக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன நினைப்பார் என்று கணக்குப் போடுவதுதான் இந்த ஆர்க்கின் (கதைப் பகுதியின்) சண்டையே. ஆனாலும் வாரம் ஒரு துண்டாகப் படிக்கும்போது மூச்சு முட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாயச் சிலந்திக் கூட்டம் என்ற கொள்ளைக் கும்பலைச் சேர்ந்த நொபுநாகா, ஃபின்க்ஸ், ஃபெய்தான் மூவரும் ஹிசோகாவைத் தேடிக் கப்பலுக்குள் அலைகிறார்கள். அவர்களுடைய கூட்டாளிகள் ஷால்நார்க்கையும் கொர்டோபியையும் கொன்றவன் அவன். மூவரும் எந்தப் பக்கத்தில் வந்தாலும் என் கண் அங்கேதான் போகிறது.

21 நவம்பர், திங்கள்

ஃப்ளாஷ்பேக்! மாயச் சிலந்திக் கூட்டத்தின் சிறுவயதுக் கதை! இதை எத்தனை பேர் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்!

எரிநட்சத்திர நகரம். உலகம் வேண்டாமென்று வீசுவதெல்லாம் வந்து சேரும் குப்பை மேடு. அங்கே வளரும் பிள்ளைகள்: பின்னாளில் கூட்டத்தின் தலைவனாகும் குரோலோ, உவோகின், பாகுனோடா, மாச்சி, ஃபிராங்க்ளின், அப்புறம் இதுவரை பார்த்திராத சரசா என்ற சிறுமி. குப்பையில் கிடைக்கும் வீடியோ டேப்புகள்தான் இவர்களுடைய பெரிய புதையல். சிலுவை பொறித்த கோட்டோடு கொலைக்கு உத்தரவிடுபவனாகவே பார்த்துப் பழகிய குரோலோ, ஒரு சின்னப் பையனாகக் குழந்தைகள் நிகழ்ச்சி மீது ஆசையாக நிற்கிறான். எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஷீலா என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிலந்திகளால் தன் குருட்டா இனத்தையே இழந்தவன் குராபிக்கா. 2012இல் வந்த அவனுடைய சிறுவயதுக் கதையில், அந்த இனத்தின் கிராமத்துக்கு வழி தவறி வந்து, ஹண்டர்களைப் பற்றிச் சொல்லி, ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போன பெண்ணின் பெயரும் ஷீலாதான். அதே ஷீலாவாக இருந்தால், அந்தக் கிராமத்தின் இருப்பிடம் சிலந்திகளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எங்கே போய் முடியும்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

5 டிசம்பர், திங்கள்

போன வாரம் எழுதவில்லை. 397ஐயும் படித்துவிட்டுச் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வேற்று மொழி டேப்புக்குப் பிள்ளைகள் தாங்களே குரல் கொடுத்து, தேவாலயத்தில் மற்ற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். குரோலோவின் குரல் நடிப்பில் எல்லோரும் சொக்கிப்போகிறார்கள். அந்த மகிழ்ச்சியைத் தோகாஷி அவசரப்படாமல் வரைந்திருக்கிறார். அதனால்தான் பிறகு வருவது அவ்வளவு வலிக்கிறது. சரசா காணாமல் போகிறாள். காட்டில் அவளுடைய உடல் ஒரு பையில் கிடைக்கிறது. யாரோ வெளியாட்கள் விளையாட்டுக்குச் செய்த கொலை.

இனி யாரும் இந்த நகரத்தின் பக்கம் வர அஞ்ச வேண்டும், அதற்காக நான் வில்லனாகிறேன் என்று குரோலோ முடிவு செய்கிறான். மழலை மாறாத முகத்தில் அந்தச் சொல்.

பிறகு பழைய யார்க்நியூ ஆர்க்கை எடுத்துப் பாகுனோடா இறக்கும் இடத்தை மறுபடி படித்தேன். குராபிக்காவைப் பற்றி வாய் திறந்தால் அவன் அவள் நெஞ்சில் வைத்த சங்கிலி கொன்றுவிடும் என்று தெரிந்தே, தன் நினைவுகளைத் தோட்டாக்களாக்கி ஆறு பேரைச் சுடுகிறாள். நொபுநாகா, மாச்சி, ஃபின்க்ஸ், ஃபெய்தான், ஷால்நார்க், ஃபிராங்க்ளின். ஆறு பேருமே தொடக்க கால உறுப்பினர்கள். அன்று அதை ஒரு உத்தியாகத்தான் வியந்தேன். இன்று பார்த்தால் அவள் சுட்டது கூட வளர்ந்த பிள்ளைகளை. தன்னிடம் இருப்பதைக் கடைசியாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதே ஆர்க்கில் இறந்த உவோகினுக்காக நொபுநாகா கதறி அழுததும் இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மூன்று அத்தியாயங்களும் சிலந்திகளை மன்னிக்கச் சொல்லவில்லை. பைரோவும் ஒரு குழந்தைதானே? குராபிக்காவின் உயிர் நண்பன், கண் சரியாகத் தெரியாத, கால் நடக்கச் சிரமப்படும் பிள்ளை. அவன் இனத்தையே அழித்தவர்கள் இவர்கள். சரசாவுக்காக அழுத அதே பிள்ளைகள் வளர்ந்து இன்னொரு ஊரின் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறார்கள். தோகாஷி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. சமூக ஊடகத்தில் ‘பாவம் குரோலோ’ என்று எழுதுபவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. அவன் மேல் இரக்கம் இருக்கிறது. குராபிக்காவின் கோபம் நியாயம் என்பதும் ஒரு துளி குறையவில்லை.

26 டிசம்பர், திங்கள்

400ஆவது அத்தியாயம். கதை மறுபடி இளவரசர்களின் போட்டிக்குத் திரும்பிவிட்டது. கடைசி மூன்று வாரமும் நன்றாகவே இருந்தன, ஆனால் என் மனம் எரிநட்சத்திர நகரத்தை விட்டு இன்னும் கிளம்பவில்லை.

கூடவே அறிவிப்பும் வந்துவிட்டது: இனி இந்தத் தொடர் வாராவாரம் வராது, வேறு வடிவில் வெளியாகும். எந்த வடிவம் என்று சொல்லவில்லை. எனக்கு வருத்தமில்லை, நிம்மதிதான். நாற்காலியில் உட்கார முடியாதவரை வாரக் கெடுவில் கட்டிப்போட்டு வாங்கும் அத்தியாயம் எனக்கு வேண்டாம். படுத்துக்கொண்டு வரையட்டும், ஆண்டுக்கு இரண்டு கொடுக்கட்டும்.

குராபிக்கா கப்பலின் மேல்தளத்தில் ஒரு கைக்குழந்தை இளவரசியைக் காத்துக்கொண்டிருக்கிறான். குரோலோவும் அதே கப்பலில். சரசா என்ற பெயரைக் குராபிக்கா கேள்விப்பட்டதே இல்லை. யாராவது அவனிடம் அதைச் சொல்வார்களா, சொன்னால் சங்கிலியை இறக்குவானா? இறக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன், இறக்கவும் கூடாது. இன்றிரவு அவன் கப்பலேறும் இடத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறேன், இந்த முறை ஷீலாவைத் தேடிக்கொண்டு.