பி.எச்டி.யில் சேரும் முன் ஒருமுறை லேபைப் போய்ப் பாருங்கள்

காவேரிப்பட்டினம் வரும்போதெல்லாம் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது, "அக்கா, ஏரோஸ்பேஸில் பி.எச்டி. பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பண்ணலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) சேர எம்.இ. கட்டாயமில்லை, கேட் (GATE) தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தால் பி.இ. முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம், மெக்கானிக்கல் படித்ததும் ஒரு தடையில்லை. வீட்டில் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். 2023 முதல் உதவித்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000.

ஆனால் ஓசூர் பக்கம் பேலகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர், ஏரோஸ்பேஸ் என்றாலே விமானம் செய்வது என்று நினைக்கிறார்கள். பி.எச்டி.யில் யாரும் விமானம் செய்வதில்லை. இறக்கையின் மேல் காற்று எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதுபோல ஒரே ஒரு சின்னக் கேள்வி, அதோடு ஐந்தாறு வருடம்.

விமான மாடல்மேல் காற்றை ஓடவிட்டு விசையை அளக்கும் விண்ட் டனலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடலுக்குள் பேலன்ஸ் என்ற உலோகத் தண்டு இருக்கும், அதன்மேல் வளைவை உணரும், விரல் நகத்தைவிடச் சிறிய ஸ்ட்ரெய்ன் கேஜ்களை ஒட்டி, நான்கு நான்காகப் பிரிட்ஜ் என்ற மின்சுற்றில் இணைத்திருப்பார்கள். விசை பட்டால் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், வோல்ட்டேஜ் சில மில்லிவோல்ட் மாறும், அவ்வளவுதான் நம் கையில் கிடைப்பது. அந்த மில்லிவோல்ட்டை நியூட்டனாக மாற்ற எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக் குறிக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மறுபடி குறிக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்க. அறையின் வெப்பம் கொஞ்சம் மாறினாலும் எடையே இல்லாதபோது காட்டும் பூஜ்ய அளவு நகர்ந்துவிடும், திரும்ப முதலிலிருந்து. பல வாரம் இப்படிப் போன பிறகு, தொட்டியில் அழுத்தி வைத்த காற்றைத் திறந்துவிடும் புளோடவுன் டனலில் காற்று ஓடுவது சில வினாடிகள்.

எனக்கு இந்த வேலை உயிர். இதைக் கேட்டதுமே அலுப்புத் தட்டுபவர்களுக்கு காற்றோட்டத்தைக் கணினியிலேயே கணக்கிடும் சி.எஃப்.டி. இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள், அங்கேயும் காற்றுவெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதிலேதான் நாள் போகும்.

அதனால் நிறுவனத்தின் பெயரைவிட கைடாக வரும் பேராசிரியரையும் லேபையும் பாருங்கள். பேராசிரியரின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு மின்னஞ்சல் போடுங்கள், மாணவர்களோடும் பேச வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான், காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே சீனியர்களிடம் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இந்த லேபில் கடைசியாகத் தீசிஸ் (ஆய்வேடு) கொடுத்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, உங்களுக்குத் தேவைப்படும் கருவி இப்போது ஓடுகிறதா?