பொன்னிறக் கோக்கி: ஐந்தாம் பூச்சில் வந்த நிறம்

புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் கயே மலைத்தொடரில் மட்டுமே வாழ்ந்து, 1981க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல் போன பொன்னிறக் கோக்கித் தவளையை உண்மை அளவில் செய்யத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. நீளம் 22 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவுதான். பாலிமர் களிமண் உடலும், தையலூசி முனையில் எடுத்த பசைத் துளிகளால் வைத்த விரல்நுனி வட்டுகளும் இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டன. மீதி நாட்களை எல்லாம் நிறம்தான் விழுங்கியது.

புள்ளியுள்ள தவளையில் தூரிகைப் பிழையைப் புள்ளிக்குள் ஒளித்துவிடலாம். இதன் உடலிலோ புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. முதல் மூன்று முறை தங்க நிற அக்ரிலிக்கை அப்படியே பூசியதில், புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சாமான்தான் கிடைத்தது. நான்காம் முறை மஞ்சள் பூச்சின் மேல் அப்பிரகப் பொடி தூவினேன். கல்யாண வீட்டு ஜிகினா போல் மின்னியது. தவளைத் தோலில் ஒளியைத் திருப்பும் செல்கள் கீழேயும் மஞ்சள் நிறமிச் செல்கள் மேலேயும் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்தாம் முறை வரிசையைத் தலைகீழாக்கி, முத்து வெள்ளைப் பொடியை அடியில் பூசி, நீர்த்த மஞ்சளை ஆறு மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பின், அதன் மேல் ஏற்றினேன். முதுகு இப்போது உள்ளிருந்து ஒளிர்கிறது, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இணையத்தில் 'முத்து வெள்ளை' என்று வாங்கிய பொடி இளஞ்சிவப்பாக வந்து சேர்ந்தது தனிக் கதை. மெழுகுவர்த்தி செய்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் கிடைத்த பத்து கிராம் பொட்டலம்தான் கைகொடுத்தது. இந்த அளவில் அது ஆயுளுக்கும் போதும்.

இத்தவளை புரோமெலியாட் செடிகளின் இலையடியில் தேங்கும் நீரை நம்பி வாழ்ந்தது. முட்டையிடாமல் முழு உருவான குஞ்சுகளையே ஈன்றது. அன்னாசியும் அதே குடும்பம் என்பதால், பழத்தின் கொண்டையை மாதிரியாக வைத்துத் தாளில் இலைகள் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இலையடி நீருக்கு ரெசின் ஊற்ற வேண்டும், அதன் விளிம்பில் சில மில்லிமீட்டர் குஞ்சுகள் மூன்றை உட்கார வைக்க வேண்டும். அடுத்து, அதே தீவின் ஓடைகளிலிருந்து மறைந்த சவ்வுவிரல் கோக்கியைச் செய்ய ஆசை. அது உருவில் பெரியது, கண்ணுக்கு வேலை குறையும். ஆனால் இந்தத் தவளையின் இடது பின்னங்காலுக்கு இன்னும் நான்கு பூச்சுகள் பாக்கியிருக்கின்றன.